கொக்கியும் முற்றமும்

கலகெதரவில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால் மணலும் கல்லும் கடைசித் தூரத்தை ட்ரெய்லரில்தான் கடக்க வேண்டியிருக்கும். கண்டி–குருநாகல் பெருந்தெரு வரைக்கும் டிப்பர் வந்துவிடும். அங்கிருந்து பிரிந்து ஏறும் கொங்கிரீட் பாதைகள் ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவலின் ஆங்கிலப் படை கண்டியைப் பிடிக்க ஏறியதும் இந்தப் பக்கமாகத்தான். கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் கண்டி அரசனின் காவலரண்கள் வழியை மறித்து நின்றன. அன்று படைகளுக்கு இடம் கொடுக்காத அதே மலைமடிப்பு இன்று ட்ரெய்லர் திரும்புவதற்கும் இடம் கொடுப்பதில்லை. மேலே ஏறிய ட்ராக்டர் எங்காவது ஓரிடத்தில் பின்னுக்குப் போயே ஆக வேண்டும். பெரும்பாலும் அந்த இடம் யாரோ ஒருவருடைய வீட்டு முற்றம்.

என் அக்காவின் மகன் அப்படியொரு ட்ராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறான். பின்னுக்குப் பார்க்கும் கேமரா ஒன்று பூட்ட வேண்டும் என்பது அவனுக்குக் கொஞ்ச காலமாக ஆசை.

"மாமா, பத்து இன்ச் ஸ்க்ரீன் ஒன்னு பார்த்தேன். நாலு கேமராவும் சேர்த்து வருது."

"எதைப் பார்க்க?"

"பின்னாலதான்."

"பின்னால எதை?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கேமரா வாங்குவதில் கஷ்டமான கேள்வி இது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றவற்றைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

இந்தக் கேமராக்கள் வரும் பெட்டிகளில் பெரும்பாலும் கேரவன் படம் இருக்கும். முன்னால் ஒரு கார், அதன் பின்னால் படுக்கையும் சமையலறையும் வைத்த ஒரு சக்கர வீடு. நம் ஊரில் அப்படி வீட்டை இழுத்துக்கொண்டு சுற்றுலா போகிறவர்கள் அரிது. ஆனாலும் அவர்கள் படும் பாடும் நாம் படும் பாடும் ஒன்றே. அங்கே காருக்கும் கேரவனுக்கும் நடுவில் ஓர் இரும்பு உருண்டை. இங்கே ட்ராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஓர் ஆணி. பூட்டும்போது ஓட்டுபவருக்குக் கொக்கி தெரிய வேண்டும். பூட்டிய பிறகு ட்ரெய்லரின் வாலுக்கு அப்பால் இருக்கும் நிலம் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே கேமராவால் காட்ட முடியாது. ட்ராக்டரின் முதுகில் பூட்டிய கேமரா, ட்ரெய்லர் வந்து சேர்ந்த பிறகு அதன் முன்பலகையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

பூட்டும் நேரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ட்ரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இரும்புக் காலின் நுனியில் ஒரு வளையம். ட்ராக்டர் பின்னுக்கு வந்து, தன் கொக்கிக்குள் அந்த வளையத்தை வாங்க வேண்டும். துளைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியதும் மேலிருந்து ஆணி இறங்கும், அதற்கொரு லொக் பின் விழும். இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தால் ஹைட்ரோலிக் கைகளும் இருக்கையின் முதுகும் கொக்கியை மறைத்துவிடும். அதனால் உதவிக்கு வரும் பையன் இரண்டு இரும்புக்கும் நடுவில் போய் நிற்கிறான். வளையத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, "வா, வா, இன்னும் கொஞ்சம், ஹரி, நிப்பாட்டு" என்கிறான். கிளச்சிலிருந்து கால் ஒரு நொடி வழுக்கினால் அவனுக்கு விலக இடமில்லை. இழுவை வண்டிகளோடு வயது போன சிலருடைய கைகளைப் பார்த்திருக்கிறேன். மடங்காத விரலும் நகம் முளைக்காத விரலும் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தேவையில்லை.

அந்தப் பையனை அந்த இடத்திலிருந்து வெளியே எடுப்பதுதான் கேமராவின் முதல் வேலை. ஓட்டும் வசதியெல்லாம் அதற்குப் பிறகு.

அதற்குப் பெரிய ஸ்க்ரீன் வேண்டாம். கேமராவை ட்ராக்டரின் பின்புறம் நடுவில், சற்று உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்ட வேண்டும். கொக்கி படத்தின் கீழ் விளிம்பில் எப்போதும் தெரிய வேண்டும். பார்வைக் கோணம் 170 பாகை என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். அவ்வளவு அகலமான லென்ஸ் ஓரங்களை வளைத்து, கிட்ட இருப்பதையும் தூரமாகக் காட்டும். கொக்கி பார்க்க 120 பாகை தாராளம். கொக்கியிலும் வளையத்திலும் வெள்ளைப் பெயிண்ட் ஒரு கோடு இழுத்துவிட்டால் மழை இருட்டிலும் இரண்டும் நேராகின்றனவா என்று தெரியும். கேமரா சொல்லாதது ஒன்று உண்டு: உயரம். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இடம் வலம் தெரியும், தூரம் தெரியும்; வளையம் கொக்கிக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பது தெரியாது. அதற்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஓர் ஆள் குனிந்து பார்த்து ஜாக்கைத் திருகத்தான் வேண்டும். இரும்பு அசையாமல் நிற்கும்போது மட்டும் ஆள் நடுவில் போவது என்ற ஒழுங்கு வந்துவிட்டால் போதும்.

இந்த இடத்தில் எனக்கு ரே விஜேவர்தனவின் நினைவு வரும். 1924இல் பிறந்த இலங்கைப் பொறியியலாளர். விமானம் ஓட்டினார், தானே சிறு விமானங்கள் செய்தார், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காகப் பாய்மரப் படகு ஓட்டினார். 1950களின் நடுவில் அவர் வடிவமைத்த இரண்டு சக்கர ட்ராக்டரை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இருந்த லேண்ட்மாஸ்டர் நிறுவனம் செய்து விற்றது. இன்றைக்கும் நம் வயல்களில் எந்தக் கம்பனியின் இரண்டு சக்கர ட்ராக்டரையும் பலர் லேண்ட்மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். அது விளைச்சலைக் கூட்டியதா என்று பின்னாளில் ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டதும், தான் எருமையைத்தான் இயந்திரமாக்கியிருக்கிறேன், நெல் விளைவிக்கும் வேலையை அல்ல என்று உணர்ந்ததாக அவரே சொல்லிவந்தார். அதன் பிறகு மண்ணைக் காக்கும் விவசாயத்தின் பக்கம் திரும்பிவிட்டார். தான் செய்த பொருளைப் பார்த்தே இது எதற்கு என்று கேட்டவர் அவர். பத்து இன்ச் ஸ்க்ரீனுக்கு முன்னால் நிற்கும் நாமும் அதைக் கேட்கலாம்.

லேண்ட்மாஸ்டர் ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அதன் கைப்பிடியில் இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று என்று இரண்டு கிளச். சமதரையில் இடதை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். ட்ரெய்லரில் பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போது அதே இடதை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும். விடுபட்ட சக்கரத்தைப் பின்னாலிருந்து பாரம் தள்ளிவிடுவதால் அது மற்றதைவிட வேகமாக உருளும். கலகெதர இறக்கங்களில் இதை உடம்பால் கற்றவர்களுக்கு, பெரிய ட்ராக்டரில் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுப்பது அவ்வளவு புதிராக இருப்பதில்லை. அங்கும் எல்லாம் எதிர்ப்பக்கம்தான். ஸ்டீயரிங்கை வலத்துக்குத் திருப்பிப் பின்னுக்குப் போனால் ட்ராக்டரின் வால் வலத்துக்குப் போகும். கொக்கி ட்ரெய்லரின் முன்பகுதியை வலத்துக்குத் தள்ளும். ட்ரெய்லரின் வால் இடத்துக்கு ஒதுங்கும். பழைய சாரதிகள் சொல்லித்தரும் வழி எளிமையானது. ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடி. கை எந்தப் பக்கம் போகிறதோ ட்ரெய்லரின் வாலும் அந்தப் பக்கம் போகும். சின்ன ட்ரெய்லர்தான் பொல்லாதது. கொக்கிக்கும் அச்சுக்கும் இடையில் தூரம் குறையக் குறைய அது சட்டென்று மடியும். ஓர் அளவுக்கு மேல் மடிந்துவிட்டால் பின்னுக்குப் போய் நேராக்க முடியாது. முன்னுக்கு இழுத்துத்தான் ஆக வேண்டும். கானுக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் அதற்கு இடமிருக்காது.

ஏற்கெனவே இடம்வலம் மாறியிருக்கும் இந்த வேலையில் கேமராவும் சேர்ந்து குழப்பக்கூடாது. பின்னுக்குப் பார்க்கும் கேமரா, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் புரட்டிய படத்தைத் தர வேண்டும். இடப்பக்கத்துச் சுவர் ஸ்க்ரீனிலும் இடப்பக்கமே நிற்க வேண்டும். சிலவற்றில் இதற்கென்று ஒரு சின்ன வயர் வளையம் இருக்கும், அதை வெட்டினால் படம் மாறும். சிலவற்றில் ஸ்க்ரீனிலேயே மாற்றலாம். பூட்டிய அன்றைக்கே ஒருவரை இடப்பக்கம் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். பச்சை மஞ்சள் சிவப்புக் கோடுகளையும் அணைத்துவிடச் சொன்னேன். அவை இழுக்கும் வண்டி போகும் வழியைக் காட்டுபவை. ட்ரெய்லர் அந்த வழியில் போகாது.

வயர் இல்லாத கேமரா என்றதும் மருமகனின் முகம் மலர்ந்தது. கழற்றிப் பூட்டும் ட்ரெய்லருக்கு வயர் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகின்றன. நடுவில் இரும்புப் பெட்டி நிறையக் கருங்கல். படம் நின்று நின்று வரலாம், தாமதமாகவும் வரலாம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடித் தாமதம் என்றால் வண்டி 28 சென்டிமீட்டர் போயிருக்கும். ஓர் அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த அளவுக்குள் ஒரு கால் இருக்கலாம். நான் வயரின் பக்கம்தான்.

நீர் புகாமை பற்றி ஐபி 67, ஐபி 69கே என்று எழுதியிருப்பார்கள். முன்னது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். பின்னது சூடான தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சினாலும் தாங்கும். நம் மழையைவிட சர்விஸ் ஸ்டேஷன் பைப்தான் கேமராவுக்கு யமன் என்பதால் பின்னதே நல்லது. ட்ராக்டருக்குக் கெபின் இல்லாததால் ஸ்க்ரீனும் மழை தாங்க வேண்டும், வெயிலில் தெரிய மேலே ஒரு மறைப்பும் வேண்டும்.

வண்டியின் பின்னால் கண் வைக்கும் எண்ணம் பழையது. 1956இல் பியூக் நிறுவனம் காட்சிக்கு வைத்த சென்டூரியன் காரில் கண்ணாடிக்குப் பதில் டெலிவிஷன் கேமரா இருந்தது. விற்பனைக்கு வந்த காரில் அதைப் பார்க்க 1991இன் டொயோட்டா சோரர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் பலர் அதை முதலில் பார்த்தது ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்களில். ஸ்க்ரீன் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, படத்தை மட்டும் பார்த்து ஓட்டப் பழகினோம். ஆனால் அது வசதி என்ற நிலையிலிருந்து சட்டமானது ஒரு குழந்தையால். 2002இல் நியூயோர்க்கில் கமரன் கல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டு வாசலில் தகப்பன் பின்னுக்கு எடுத்த வண்டியில் அகப்பட்டு இறந்தது. அதன் பெயரில் 2008இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2018 மே 1 முதல் அங்கே விற்பனைக்கென்று புதிதாகத் தயாரிக்கும் கார், வேன், பிக்கப் போன்ற இலகுரக வாகனங்கள் எல்லாவற்றிலும் பின் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் தெரிய வேண்டும். ரிவர்ஸ் போட்ட 2 நொடிக்குள் படம் வர வேண்டும்.

நம் முற்றங்களும் அப்படிப்பட்ட வாசல்கள்தான். மணல் வருகிறது என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ட்ரெய்லர் நிற்குமுன்னே ஓடிவருவார்கள். ட்ராக்டர் சத்தத்தில் அவர்கள் குரல் கேட்காது. பலகை அடைத்த ட்ரெய்லருக்குப் பின்னால் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளையை இருக்கையில் இருந்து பார்க்க முடியாது.

கடைசியில் ஏழு இன்ச் ஸ்க்ரீன் வாங்கினோம், இரண்டு கேமரா சேர்க்கக்கூடியது. இப்போதைக்கு ஒரு கேமரா, கொக்கிக்கு. வயரிங் பாஸ் அதை பட்டரியிலிருந்து ஒரு பியூஸும் சுவிச்சும் வைத்து எடுத்துக் கொடுத்தார். ரிவர்ஸில் மட்டும் இல்லாமல் ஓடும்போதும் ஆணி இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பையன் இப்போது இடப்பக்கப் பெரிய டயருக்கு வெளியே, மருமகனுக்குத் தெரியும் இடத்தில் நிற்கிறான். ட்ரெய்லரின் வாலுக்கான கேமரா அடுத்த போகத்து நெல் ஏற்றும் கூலியில் வரும். அதற்கு முறுக்கிப் பூட்டும் கனெக்டரும், ட்ரெய்லரின் அடிச்சட்டத்துக்குள் பைப் போட்டு இழுத்த வயரும் வேண்டும் என்று பாஸ் அளவெடுத்து வைத்திருக்கிறார். அது வரும்வரைக்கும், முற்றத்துக்குள் பின்னுக்கு எடுக்குமுன் மருமகன் இறங்கி ட்ரெய்லரை ஒரு சுற்று நடந்து பார்க்கிறான். கேமரா வந்த பிறகும் நடக்க வேண்டும் என்று அவனுடைய அம்மாவை வைத்துச் சொல்ல வைத்திருக்கிறேன்.