மழை மூட்டத்தில் அடம்பன் பூ

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று கூட்டங்களில் எத்தனையோ தரம் சொல்லியிருப்போம், சகோதரிகளே. அதன் பூவை நின்று பார்த்தவர் எத்தனை பேர்?

குருக்கள்மடத்துக்கு மேற்கே வாவி, கிழக்கே கடல். மாரி காலத்தில் கடற்கரை மணலில் நான் அந்த ஊதாப் பூவைக் கைத்தொலைபேசியில் படம் எடுப்பதுண்டு. காலையில் விரிந்து அன்றே வாடும் பூ, விடியவே போகவேண்டும். கடும் வெயிலில் அதன் நிறம் வெளிறிவிடும். வானம் மூடியிருந்தால் நிறம் அப்படியே நிற்கும். குந்தியிருந்து, பூவுக்குக் கிட்டப்போய், காற்று ஓயும்வரை காத்திருப்பேன். மூட்டம் படத்தில் இருண்டு தெரியும், வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரைக்கே போகாத அக்கா ஒருவர், நான் படம் திருத்தும்போது பக்கத்தில் இருந்தார். மூட்டத்தை நீக்கும் வசதியை அழுத்திக் காட்டினேன். வானம் வெளித்தது, பின்னால் அலைகள் துலக்கமாகத் தெரிந்தன.

"வேணா புள்ள, அலைய மூடி உடு. பூ இருக்கட்டும்" என்றார்.

மூட்டத்தோடேயே பிரதி எடுத்துக் கொடுத்தேன். தையல் மெசினுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.