மூச்சு சொல்லும் கணக்கு

ஓட்டப் பயிற்சி தருகிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் அதிகம் வேலை செய்ய வேண்டும். விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் என் குழு ஓடும்போது, ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் நிதானம். மூன்று நான்கு சொல்லிலேயே பேச்சு அறுந்தால் எல்லையை நெருங்கிவிட்டார். வெறும் தலையாட்டல் என்றால் அந்த வேகம் இன்னும் சில நிமிடம்தான் தாங்கும்.

புதிதாக வருகிறவர்கள், "ஆக்சிஜன் பத்தல சார்" என்பார்கள். ஆரோக்கியமான பெரும்பாலோருக்கு எவ்வளவு இரைத்தாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் அவ்வளவாகக் குறைவதில்லை. அந்த இரைப்பு உண்மையில் அமிலத்தை வெளியேற்றும் வேலை.

வேகம் கூடும்போது தசை சர்க்கரையை அவசரமாக உடைக்கிறது. லாக்டேட்டும், அமிலத்தன்மையைக் கூட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் பெருகுகின்றன. ஓய்வில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் இருக்கும் லாக்டேட், 400 மீட்டரை முழு மூச்சில் ஓடியவருக்கு 20ஐக்கூடத் தொடும். தசைக்குள் பிஹெச் 7லிருந்து 6.5 வரை இறங்கலாம். ஓய்வில் 7.4ஐ ஒட்டியிருக்கும் ரத்தம் அந்த அளவுக்குச் சரிவதில்லை. அமிலத்தைத் தசையிலுள்ள புரதங்களும் பாஸ்பேட்டும் முதலில் தாங்கிக்கொள்கின்றன. மீதியை ரத்தத்தின் பைகார்பனேட் பிடித்துத் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. அந்த வாயுவை நுரையீரல் ஊதித் தள்ளுகிறது. சிறுநீரகம் மெதுவான ஆள். அதன் கணக்கு மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும்தான்.

இதைக் கண்கூடாகக் காட்ட அடையாறு திரு.வி.க. பாலத்தின் ஏற்றம் போதும். மந்தைவெளியிலிருந்து வரும் ஒரு மேடம், வங்கியில் வேலை. ஏற்றத்தில் பாதி தூரம் வரை அவர் மூச்சு வேகத்தோடு சேர்ந்தே கூடியது. அதன்பின் வேகம் அப்படியே இருக்க, மூச்சு மட்டும் தாவி ஏறியது. பைகார்பனேட்டால் மட்டும் ஈடுகொடுக்க முடியாமல் நுரையீரல் கூடுதலாக உழைக்கத் தொடங்கும் இடம் அது. உச்சியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடப் பார்த்தார். "நிக்காதீங்க மேடம், மெதுவா நடந்துக்கிட்டே இருங்க" என்றேன். இதயமும் மெதுவாக இயங்கும் தசைகளும் லாக்டேட்டை எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்துவிட்டால் அந்த வேலை தாமதமாகும். அடுத்த சிக்னல் வருவதற்குள் மகனின் பிளஸ் டூ கவலை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாள் தொடை வலிக்கு "லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு" என்று பழி போடுவது தவறு. லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். அந்த வலி தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவால் வருவது. விலை கொடுத்து வாங்கும் அல்கலைன் தண்ணீரும் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டி ரத்தத்தின் பிஹெச்சை மாற்றிவிடாது. சமையலறை ஆப்பசோடாவின் கதை வேறு, அது பைகார்பனேட்டேதான். உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்ற கணக்கில் எடுத்துக்கொண்டால் சில நிமிடக் கடும் ஓட்டத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வயிற்றைக் கலக்கும், சோடியமும் அதிகம். என் குழுவில் பாதிப் பேருக்கு பி.பி. இருக்கிறது, அதனால் நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான் சொல்வது பயிற்சியைத்தான். வாரத்தில் ஒருநாள் பேச்சு அறும் எல்லைவரை போய்த் திரும்புவது, மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடுவது. மாதங்கள் போகப் போக அதே பாலத்தில், அதே வேகத்தில், மூச்சு தாவும் இடம் தள்ளிப்போகும். இரைப்பைக் கண்டு யாரையும் நான் நிறுத்துவதில்லை. நெஞ்சு அழுத்துகிறது, தலை சுற்றுகிறது என்றால் மட்டும் அங்கேயே நிறுத்தி டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.