ஈரக் காட்டில் ஒரு நோட்டுப் புத்தகம்

ஃப்ளோரிடாவின் காட்டுப் பாதையோரம் ஒளித்து வைத்திருக்கும் லெட்டர்பாக்ஸ் ஒன்றைக் கோடையில் திறந்தால் முதலில் வருவது பூசண வாடை. நான்கு பக்கமும் கொக்கி போட்டு இறுகும் பிளாஸ்டிக் டப்பா, மூடியைச் சுற்றி கேஸ்கெட், உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் பைகள். இவ்வளவு இருந்தும் நோட்டுப் புத்தகத்தின் ஓரங்கள் நெளிந்து கிடக்கும். பதிந்த முத்திரைகளின் மை எதிர்ப்பக்கத்தில் ஏறியிருக்கும். தையலை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள் படர்ந்திருக்கும். ஆனால் டப்பாவின் அடியில் தண்ணீர் தேங்கிய தடமே இராது. டப்பா ஒழுகிவிட்டது, இதைவிட நல்லதாக வாங்கியிருக்க வேண்டும் என்றுதான் பார்ப்பவர் எவருக்கும் தோன்றும். இந்தப் பெட்டிகளைச் செய்து ஒளித்துப் பராமரிப்பவர்களின் வேலையைக் கூர்ந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து வேறு. நல்ல டப்பாக்கள் பெரும்பாலும் ஒழுகுவதில்லை. திறந்தவர் கையோடும் மூச்சோடும் வியர்வையோடும்தான் ஈரம் உள்ளே போகிறது, மூடி அதை வெளியே விடாமல் காக்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் லெட்டர்பாக்ஸ் பிழைத்திருப்பதில் மூடியின் பங்கு சிறிது. வைத்த இடத்துக்கும், திரும்பப் போய்ப் பார்க்கும் ஆளுக்கும்தான் பெரும் பங்கு.

இதைத் தபால் பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்றும் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றும் கொண்ட டப்பாவை ஒருவர் காட்டில் ஒளித்து வைத்து, அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் புதிர்க் குறிப்பாக எழுதி வெளியிடுவார். தேடி வருபவர் தன் சொந்த முத்திரையைப் பெட்டியின் புத்தகத்திலும் பெட்டியின் முத்திரையைத் தன் புத்தகத்திலும் பதித்துக்கொண்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே மூடி வைத்துவிட்டுப் போவார். இங்கிலாந்தின் டார்ட்மூரில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் எட்ட முடியாத கிரான்மியர் குளத்தருகே, அங்குவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையைப் போட்டுவிட்டுப் போக ஒரு பாட்டிலை வைத்ததிலிருந்து இந்தப் பழக்கம் தொடங்குகிறது. 1998 ஏப்ரலில் ஸ்மித்சோனியன் இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு அமெரிக்காவில் வேகமாகப் பரவி, கருங்கல் மேட்டில் பிறந்த வழக்கம் சதுப்பும் பனைப் புதரும் நிறைந்த ஃப்ளோரிடாவுக்கும் வந்து சேர்ந்தது. இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். டார்ட்மூரின் நடுவிலுள்ள பிரின்ஸ்டவுனில் ஆண்டுக்கு 1,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஃப்ளோரிடாவின் சராசரி 1,400-ஐத் தொடுவதில்லை. மழைதான் எதிரி என்றால் டார்ட்மூரின் புத்தகங்கள் முதலில் அழிந்திருக்க வேண்டும். ஆனால் குளிரில் பூசணம் மெதுவாகத்தான் வளரும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி, வெப்பமும் 25 முதல் 30 டிகிரிக்குள் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். ஃப்ளோரிடாவில் மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை இரவும் பகலும் கிட்டத்தட்ட அந்த நிலைதான்.

அப்படியானால் உள்ளே போகும் ஈரம் எவ்வளவு? 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம். ஒரு லிட்டர் டப்பாவில் அடைபடும் காற்றில் இருப்பது மிஞ்சிப்போனால் 30 மில்லிகிராம், ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் குறைவு. இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, அடைபட்ட காற்றால் ஒன்றும் ஆகாது என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் காகிதத்தை மறந்துவிடுகிறார்கள். 60 கிராம் எடையுள்ள நோட்டு, ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள அறையில் சுமார் 4 கிராம் தண்ணீரை வைத்திருக்கும். 85 சதவீத ஈரக்காற்றில் பழகிவிட்டால் அது 7 கிராம்வரை ஏறும். ஒவ்வொரு முறை திறந்து பக்கம் புரட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற இந்த மூன்று கிராம்தான் பூசணத்துக்குத் தீனி. இதோடு நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை பக்கத்தில் விழுந்தால், டப்பாவின் காற்று முழுவதிலும் உள்ளதைவிட அதிக ஈரம் ஒரே இடத்தில் இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதும் இப்படித்தான்: மூடியில் குற்றமில்லை, நாளெல்லாம் திறந்து மூடுகிறோம். போதாக்குறைக்கு வெயில் ஒரு வேலை செய்கிறது. மரநிழல் விலகி டப்பாவின் மேல் வெயில் விழுந்து உள்வெப்பம் 20 டிகிரி ஏறினால், உள்ளே இருக்கும் காற்று பதினைந்தில் ஒரு பங்கு விரிகிறது. கேஸ்கெட்டில் ஒரு மணல்துகள் சிக்கியிருந்தாலும் அந்தக் காற்று வெளியேறும். பிற்பகலில் ஃப்ளோரிடாவின் இடிமழை வந்து டப்பாவைச் சட்டென்று குளிரவைக்கும்போது, மூடி விளிம்பில் நிற்கும் மழைநீரையே அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

இதை அனுபவத்தில் அறிந்தவர்கள் பெட்டியின் உள்ளடக்கத்தையே வேறு மாதிரி செய்கிறார்கள். முத்திரை செதுக்குவதைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். காகிதத்தில் பென்சிலால் வரைந்த படத்தை இளஞ்சிவப்பு ரப்பர் பலகைமேல் கவிழ்த்துத் தேய்க்கிறார்கள். படம் இடவலம் மாறிப் பதிவதால், அச்சில் தானாக நேராகிவிடும். பிறகு வி வடிவ நுனி கொண்ட லினோ உளியை அநேகமாக அசைக்காமல் பிடித்து, ரப்பரைத்தான் சுழற்றுகிறார்கள். உளி எப்போதும் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நிற்கும் கோட்டின் அடி அகன்று, உச்சி ஒடுங்கி வரும். உள்பக்கமாகச் சாய்ந்து அடி குடைந்துவிட்டால், அழுத்தும்போது கோடு மடியும். குளிர்நாட்டுச் செதுக்குபவர் மயிரிழைக் கோடுகளில் பறவையின் இறகைக் காட்டலாம். வெயிலில் ரப்பர் இளகும் ஊரில் அந்தக் கோடுகள் சில மாதங்களில் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அதனால் இங்கே கைதேர்ந்தவர்கள் தடித்த கோடும் பெரிய வெள்ளை வெளியும் உள்ள படங்களைத் தேர்கிறார்கள். ஆமையின் ஓட்டில் எட்டுப் பத்துக் கட்டங்கள் போதும் என்று நிறுத்திக்கொள்ளும் அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை அழிரப்பரில் செதுக்கியதைச் சில வகை பிளாஸ்டிக்கோடு சேர்த்து வைத்தால், ரப்பரை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெப்பத்தில் கசிந்து இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே முத்திரைக்குத் துணி உறை, புத்தகத்துக்குத் தனிப் பை. எழுதுவதற்குப் பேனா கிடையாது, பென்சில்தான். கரிக்கோடு ஈரத்தில் கரையாது. முத்திரையை ஈரத் துணியால் துடைத்து அப்படியே பைக்குள் போடாதீர்கள், பழைய காகிதத்தில் மை தீரும்வரை பதித்து உலரவிட்டு வையுங்கள் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறார்கள். யாருக்கும் இதில் கூலி இல்லை. சொந்தப் பெயர்கூட வெளியே வராது, தாங்களே சூட்டிக்கொண்ட காட்டுப் பெயர் ஒன்றும் முத்திரை ஒன்றும்தான் அவர்களுடைய அடையாளம்.

இடத்தைத் தேர்வதில்தான் அவர்களுடைய அறிவு முழுதும் வெளிப்படுகிறது. டார்ட்மூரில் கருங்கல் இடுக்குகளுக்குப் பஞ்சமில்லை, கல் ஈரத்தை உறிஞ்சி நிற்காது, எரியவும் எரியாது. ஃப்ளோரிடாவின் மிக உயர்ந்த இடமான பிரிட்டன் ஹில்லே 105 மீட்டர்தான். மாநிலத்தின் பெரும்பகுதி, மண்ணுக்குச் சற்றுக் கீழேயே தண்ணீர் நிற்கும் தட்டை நிலம். இருப்பதெல்லாம் மணலும் மரமும் சா பால்மெட்டோ புதரும். உயரமான மணல்மேட்டு லாங்லீஃப் பைன் காடு நன்றாக உலர்ந்திருக்கும். பெட்டிக்கு அதுதான் ஏற்றது என்று தோன்றும். ஆனால் அந்தக் காடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு எரிந்தால்தான் உயிரோடிருக்கும். ஃப்ளோரிடாவில் ஆண்டுதோறும் சுமார் 20 லட்சம் ஏக்கரில் அனுமதி பெற்றுத் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். பைன் சருகின் கீழே வைத்த பிளாஸ்டிக் டப்பா அடுத்த முறை உருகிய கட்டியாகத்தான் கிடைக்கும். தீ நுழையாத இடம் வேண்டுமானால், அங்குள்ளவர்கள் ஹாமக் என்று சொல்லும் லைவ் ஓக் தோப்புக்குப் போக வேண்டும். அங்கே நிழலும் இலைமக்கும் இருப்பதால் தீ நின்றுவிடும், அதே காரணத்தால் ஈரமும் நின்றுவிடும். உலர்ந்த இடம் எரியும், எரியாத இடம் நனையும். இந்த இரண்டுக்கும் நடுவே, தோப்பின் விளிம்பில், மரத்தின் வடபக்கத்தில், தரையைத் தொடாமல் பட்டைத் துண்டின் மேல், மூடிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்காதபடி சற்றே சாய்த்து வைப்பதுதான் நான் பார்த்தவற்றில் சிறந்த வைப்பு. பனையின் மட்டை இடுக்கு கைக்கு எட்டும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மழைநீரும் சருகும் சேரும் கிண்ணம் அது. கோஃபர் ஆமையின் வளைவாயில் வறண்டு வசதியாகவே இருக்கும். 350-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பங்கிட்டுக்கொள்ளும் அந்த வளைகளைத் தொந்தரவு செய்வது மாநிலச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அங்கே பெட்டி வைக்கலாகாது. தரையோடு படிந்த டப்பாவின் அடியில் வெதுவெதுப்பைத் தேடித் தீயெறும்புகள் குடியேறும் என்பதாலும் தரையைத் தொடாமல் வைப்பது நல்லது.

இத்தனை பாடு எதற்கு, ராணுவத்தில் தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டியை வாங்கி வைத்தால் தீர்ந்தது என்பது முதல் மறுப்பு. அந்தப் பெட்டியின் கேஸ்கெட் உண்மையிலேயே நல்லது, தீயிலும் உருகாது. ஆனால் நான் மேலே சொன்ன மூன்று கிராம் ஈரத்துக்கு அதில் பதில் இல்லை. திறந்த பெட்டி எதுவானாலும் மூடும்போது ஈரக்காற்றும் ஈரக் காகிதமும் உள்ளே இருக்கும், இரும்பு அதை இன்னும் இறுக்கமாகப் பூட்டி வைக்கும். சிலிக்கா ஜெல் போடலாமே என்பது அடுத்தது. 5 கிராம் பொட்டலம் நிறைந்த ஈரத்தில்கூட ஒன்றரை கிராமுக்கு மேல் பெரிதாக உறிஞ்சாது. நோட்டிலுள்ள உபரியில் பாதியை எடுத்ததோடு அதன் வேலை முடிந்தது, பிறகு அது வெறும் மணல். யாராவது அதை எடுத்துப்போய் 120 டிகிரி அடுப்பில் உலர்த்தித் திரும்பக் கொண்டுவந்தால் பயன்படும். அதாவது அந்தப் பொட்டலத்துக்கும் ஒரு ஆள் வேண்டும். நீர்புகாத காகிதம் என்ற யோசனையில் ஓரளவு நியாயம் உண்டு, பென்சில் எழுத்து அதில் நன்றாகவே நிற்கும். ஆனால் முத்திரை மை அந்த மெழுகுப் பரப்பில் ஊறாமல் மேலேயே மிதந்து, மூடியதும் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது. முத்திரைக்காகவே இருக்கும் புத்தகத்துக்கு இது பெரிய குறை.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. காட்டுக்குள் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய் வைப்பது குப்பை போடுவதுதானே என்று கேட்கிறார்கள். கைவிடப்பட்ட பெட்டியைப் பொறுத்தவரை, ஆம், குப்பைதான். தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றி எதையும் வைத்துவிட்டு வருவது விதிமீறல் என்று வைத்திருப்பதும் சரியே. மற்ற நிலங்களிலும் பொறுப்பாளரிடம் கேட்காமல் வைப்பதை நான் ஏற்கவில்லை, தீ வைக்கும் நாள் அவருக்குத்தான் தெரியும் என்பதற்காகவாவது கேட்க வேண்டும். இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதாக எனக்குப் படவில்லை, இறுக்குவதாகவே படுகிறது. கண்காணிப்பவர் உள்ள பெட்டியும் இல்லாத பெட்டியும் ஒரே பிளாஸ்டிக்தான், ஒன்று இன்னொன்றாக மாறுவதற்கு ஒரு மழைக்காலம் போதும். ஆகவே ஒருவர் எத்தனை பெட்டிகளைத் தவறாமல் போய்ப் பார்க்க முடியுமோ அத்தனைதான் ஒளிக்கலாம். பெட்டியே வேண்டாம், கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் போதாதா என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அந்த நோட்டுக்கு இரண்டாம் பிரதி இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மனிதர்கள், தாங்களே செதுக்கிய முத்திரைகளை, ஒரே மரத்தடியில், வெவ்வேறு ஆண்டுகளில் பதித்த பக்கங்கள் அவை. அழுத்தம் குறைந்து ஒரு மூலை விடுபட்டிருப்பதுகூட அந்தக் கையின் அடையாளம்.

நோட்டு அவ்வளவு அருமையானது என்றால், அதைக் கோடையில் காட்டில் விட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் முடிவு. ஃப்ளோரிடாவில் நடைப்பயணக் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அதே மாதங்கள்தான் அங்கே வறண்ட காலமும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. மே மாதத்தில் நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, பக்கங்களுக்கு நடுவே மை ஒற்றும் தாள் வைத்து உலர்த்தி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துவிட்டு, மழை ஓய்ந்தபின் திரும்பக் கொண்டுபோகலாம். கோடையில் தேடி வருபவர் ஏமாந்து போவாரே, காலியான இடத்தில் புதரைக் கிளறிப் பாழாக்குவாரே என்று கேட்டால், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள பாதைகளில் முத்திரையை மட்டும் துணியில் சுற்றி விட்டு வைக்கலாம் என்பேன். வருபவர் தன் புத்தகத்தில் பதித்துக்கொள்ள அது போதும். வெப்பத்தில் அது கெட்டாலும் வீட்டிலுள்ள மூலப்படத்தை வைத்து ஒரு மாலைக்குள் மறுபடி செதுக்கிவிடலாம். ஆள் அதிகம் போகாத இடங்களில் டப்பாவையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும், எந்த மாதங்களில் பெட்டி இருக்கும் என்பதைப் புதிர்க் குறிப்பின் முதல் வரியிலேயே மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.