முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு



எங்கள் ஊரான குன்றாண்டார்கோவிலில் குடைவரைக் கோயிலின் முன்னுள்ள மண்டபத்தைக் குதிரைகள் இழுக்கும் தேராக வடித்திருக்கிறார்கள். அந்தக் கற்குதிரைகளை விட்டால், ஊரில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தது எங்கள் வீட்டுக் குதிரையைத்தான். 'இராவுத்தர்' என்ற சொல் குதிரை வீரரைக் குறிப்பது என்று என் அத்தா பெருமையோடு சொல்வார். அவர் விட்டுச் சென்ற பெண்குதிரை ஈன்ற ஆண் குட்டியை, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், ஈரோடு மாவட்டத்தின் அந்தியூர்ச் சந்தைக்குக் கொண்டு சென்றேன். ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய கடன் என்னை நெருக்கிக்கொண்டிருந்தது.

குட்டிக்கு இரண்டரை வயது. பால்பல் விழுந்து நடுப்பற்கள் முளைத்திருந்தன. நல்ல உயரம், நல்ல நடை. ஒரே ஒரு குறை: இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே உட்புறம், பாக்களவில் ஓர் எலும்புப் புடைப்பு. எங்கள் பாறை நிலத்தில் ஓடித் திரிந்ததால் வந்தது. அவ்விடத்தில் பெரிய எலும்போடு சிறிய எலும்பைப் பிணைக்கும் நார், இளவயதில் அதிர்ச்சி தாங்காமல் வீங்கினால் அங்கே எலும்பு வளர்ந்துவிடும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். சூடும் வலியும் தணிந்துவிட்டதால், பெரும்பாலும் ஓட்டத்துக்குத் தடை இராது, பார்வைக்கு மட்டுமே குறை என்றார்.

சந்தையில் தரகர் ஒருவர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாய், இதை வாயைத் திறந்து சொல்லாதீங்க. இடது பக்கத்தை வண்டிச் சக்கரத்தை ஒட்டி நிறுத்துங்க. மணலிலேயே நடத்திக் காட்டுங்க" என்றார். நான் பொய் சொல்லப் போவதில்லையே, கேட்டால் சொல்லிவிடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு அவ்வாறே நிறுத்தினேன். கயிற்றைப் பிடித்திருந்தவன் என் பன்னிரண்டு வயது மகன்.

கோபிப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழிகளை ஒன்று விடாமல் எண்ணினார். பல்லைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று பேசி முடித்து, ஐயாயிரம் முன்பணம் தந்துவிட்டு மீதிப் பணத்துக்காகப் போனார். அவர் நகர்ந்ததும் மகன் முகமெல்லாம் மலர்ந்து, "அத்தா, கட்டியை அவர் பார்க்கவே இல்லை!" என்றான்.

அவன் குரலில் இருந்த வெற்றிக் களிப்பு என்னைச் சுட்டது. தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று அழைத்து வந்த பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்தது அதுதான்.

வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிக்கொண்டு செல்லும்போது, அந்த நபித்தோழர் பின்னால் ஓடிச் சென்று, இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று விசாரித்தார். பயணத்துக்கு என்றதும், அதன் பாதத்தில் துளை இருப்பதை எடுத்துரைத்தார். ஒட்டகம் திரும்பி வர, விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. அவ்வொட்டகம் வாஸிலாவுடையதன்று. பிறர் வியாபாரத்தில் கண்ட குறையையே அவரால் மறைக்க முடியவில்லை. நானோ என் குதிரையின் குறையைச் சக்கரத்தின் பின்னே ஒளித்து வைத்திருந்தேன். ஈரமான தானியத்தை அடியில் வைத்து விற்றவரிடம், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அந்த வியாபாரி வாயால் எந்தப் பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

அவர் திரும்பி வந்ததும் குட்டியைத் திருப்பி நிறுத்தி, அவர் கையைப் பிடித்துப் புடைப்பின் மேல் வைத்தேன். மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். கெட்டித் தரையில் நேராகவும் வட்டமாகவும் ஓட்டிக் காட்டினேன். முன்னங்காலில் நோவிருந்தால் தலை மேலும் கீழும் ஆடும். குட்டியின் தலை ஆடவில்லை. ஆயினும் அவர் முகம் மாறிவிட்டது.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே பாய். இப்ப எதுக்குங்க சொன்னீங்க?"

"உங்கள் பணம் எனக்கு ஹலாலாக வேண்டும், அதற்காகத்தான்" என்றேன்.

அவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சென்றுவிட்டார். மறுநாள் மாலை, காலை நன்றாகத் தடவிப் பார்த்த வேறொருவர் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு வாங்கினார். இருபத்தைந்தாயிரம் குறைவு. கடன் அடைய மேலும் ஓராண்டு ஆயிற்று.

இதைத் தியாகமாக எழுதவில்லை. ஒரு நாழிகை நேரம் நானும் ஏமாற்றுபவனாகவே இருந்தேன். வாங்குபவர் எந்த மதத்தவராயினும் குறையைச் சொல்வது நம் கடமை. உண்மை சொல்லி விளக்கினால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழி. வீடு, வண்டி, நகை, ஏன், திருமணப் பேச்சு வரையிலும் நம் குடும்பங்களில் சக்கரத்தை ஒட்டி நிறுத்திவைத்த கால்கள் எத்தனை!

ஊர் திரும்பும் வழியில், கீரனூரைத் தாண்டியதும் மகன் கேட்டான்: "அத்தா, அடுத்த தடவை காலை முதல்லயே காட்டிருவோமா?"

முதலிலேயே காட்டிவிடும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.