மாதக் கடைசிச் சங்கீதம்

மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் எங்கள் ஊர்ப் பனங்காட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அந்தக் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் மறந்துவிட்டன. வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தாத்தா வாசித்த சங்கீதங்கள்தான் உள்ளே தங்கியிருக்கின்றன.

தாத்தா பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தின் ஒழுங்கை விடாதவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகிப் பல வருஷம் கழிந்த பிறகும் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அந்த ஒழுங்குதான். 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பங்கிட்டு, காலைக்குக் கொஞ்சம், மாலைக்குக் கொஞ்சம் என்று அதில் வகுத்திருக்கும். அந்தக் கணக்கில் 147 முதல் 150 வரை 30ஆம் தேதி மாலையில் வரும். 31ஆம் தேதி உள்ள மாதமென்றால் மறுநாளும் அதேதான். பிப்ரவரியில் மட்டும் வராது. பிப்ரவரி எனக்குப் பிடித்த மாதமாக இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

147இன் பத்தாம் வசனம் எனக்கு ஆகாது. குதிரையின் வலிமையிலும் ஆண்மகனுடைய கால்களிலும் கர்த்தருக்கு விருப்பம் கிடையாது என்பது அதன் பொருள். தாத்தா அந்த இடத்துக்கு வந்ததும் என் கண் அப்பாவின் கால்களுக்குப் போய்விடும்.

அப்பா பனையேறி. பங்குனியில் தொடங்கி ஆடி வரை விடியுமுன்னே ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, அதில் மிதித்து எழும்பி, கால்களில் தளைநாரை மாட்டிக்கொண்டு மேலே போவார். இடுப்பில் அருவாப்பெட்டி தொங்கும். உச்சியில் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு, இருந்த பதநீரை இறக்கிக்கொண்டு வருவார். அம்மா அதை விடிலியில் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றுவாள். கருப்பட்டி விற்ற காசில்தான் எங்கள் சோறு, சட்டை, பள்ளிக்கூடத்துச் சிலேட்டு எல்லாமே. தளைநார் உரசி உரசி அப்பாவின் பாதங்களில் மரப்பட்டைபோலத் தோல் தடித்திருக்கும். நெஞ்சிலும் காய்ப்பு உண்டு. ஆனால் ஜெபத்தில் சம்மணம் போட்டு உட்காரும்போது எனக்கு எதிரே தெரிவது அந்தக் கால்கள்தான். அவற்றைக் கர்த்தருக்குப் பிடிக்காதா? அப்படியானால் எதைத்தான் பிடிக்கும்?

உபதேசியாரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். குதிரை என்றால் குதிரைப்படை, கால் என்றால் காலாட்படை. இஸ்ரவேலின் ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது என்று உபாகமத்திலேயே கட்டளை இருக்கிறது. குதிரையை நம்பினால் தப்ப முடியாது என்று 33ஆம் சங்கீதமும் சொல்கிறது. "ஒங்க அப்பா காலைப் பத்தி இல்லல" என்று தலையில் தட்டி அனுப்பினார். விளக்கம் சரியானதுதான், இன்றைக்கும் நான் அதை ஏற்கிறேன். ஆனால் மாதக் கடைசி வந்ததும் பழைய கலக்கம் திரும்பிவிடும்.

அப்படி இன்னொரு கலக்கமும் இருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு ஆச்சி பூசணிக்காய் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் காயீன் நினைவுக்கு வருவான். அவனும் நிலத்தில் விளைந்ததைத்தானே கொண்டுபோனான், கர்த்தர் அதை ஏற்கவில்லையே? அதை லேவியராகமம் தீர்த்துவைத்தது. இரண்டு புறாக்குஞ்சு கொண்டுவரக்கூட வழியில்லாத ஏழை, பாவநிவாரண பலியாக நிலத்தில் விளைந்த மாவைக் கொஞ்சம் கொண்டுவந்தால் போதும் என்று அதன் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது.

கால்களைப் பற்றிய வசனம் எனக்கு வேறு வழியாகத்தான் திறந்தது. ஒரு ஆடி மாதம், காற்று ஆளைத் தூக்கும் நாளில், பெரியப்பா மரத்திலிருந்து விழுந்தார். உயிர் இருந்தது, முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. திண்ணையில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். ஊரில் மரமேறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கிய கால்கள் போர்வைக்குள் கிடந்தன. ஜெபம்பண்ண வந்த ஒருவர், தேவனுக்குப் பிரியமில்லாத ஏதோ ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அறிக்கையிடுங்கள் என்றார். பெரியம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. யோபின் சிநேகிதர்களும் இதைத்தான் பேசினார்கள், அதற்காகக் கர்த்தர் அவர்கள்மேல் கோபம்கொண்டார் என்று அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது. அது அன்றைக்கு எங்கள் திண்ணையில் யாருக்கும் வாயில் வரவில்லை.

அந்த மாதம் 30ஆம் தேதி வந்தது. தாத்தா 147ஐ எடுத்தார். நொறுங்கின மனசுக்காரரைக் குணமாக்கிக் காயங்களைக் கட்டுகிறவர், நட்சத்திரங்களை எண்ணுகிறவர், கத்துகிற காக்கைக் குஞ்சுக்கு இரை கொடுக்கிறவர் என்று போய்க்கொண்டிருந்தது. பத்தாம் வசனத்துக்கு வந்தபோது தாத்தாவின் குரல் இறங்கிவிட்டது. மகன் எப்படி எடுத்துக்கொள்வானோ என்ற பயமாக இருக்கலாம். பதினோராம் வசனத்தையும் முடித்துவிட்டு மேலே போகப் பார்த்தார். கட்டிலிலிருந்து பெரியப்பா, "அய்யா, அத இன்னொருக்கா வாசிங்க" என்றார். தாத்தா வாசித்தார். கர்த்தருக்குப் பயந்து, அவருடைய இரக்கத்துக்குக் காத்திருக்கிறவர்கள்மேல்தான் அவருக்குப் பிரியம் என்று அந்தப் பதினோராம் வசனம் முடிகிறது. "அப்போ நானும் அதுல இருக்கேன்" என்றார் பெரியப்பா.

எனக்கு அந்த வசனம் அன்றோடு சரியாகிவிட்டது. அப்பாவின் கால்களை அது இகழவில்லை. கால் இருப்பவனுக்கு ஒரு இடம், இல்லாதவனுக்கு வேறு இடம் என்று கர்த்தர் வைக்கவில்லை என்கிறது. வலுவான ஆளுக்கு அது கண்டிப்பாகக் கேட்கலாம். படுத்துக் கிடப்பவருக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. படையைப் பற்றிய உபதேசியாரின் விளக்கத்தோடு இது மோதவும் இல்லை. எதைக் கொண்டு ஒரு மனிதன் தன்னைப் பெரியவனாக நினைக்கிறானோ, அதைக் காட்டிக் கர்த்தரின் பிரியத்தை வாங்க முடியாது என்பதுதான் இரண்டுக்கும் அடி. பெரியப்பா அதன்பிறகு பல வருஷம் இருந்தார். படுத்தபடியே ஓலைப்பெட்டி முடைந்தார். ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தார்.

நோயாளி வீட்டுக்கு ஜெபம்பண்ணப் போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அங்கே போய்ப் பாவத்தைத் தேடாதீர்கள். 147ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் பதினொன்றையும் சேர்த்து வாசியுங்கள்.