கருகியது இரண்டு பேஸ்

திங்கள்

கம்ப்ரஸர் மோட்டார் எரிந்துவிட்டது. 3 எச்பி, மூன்று பேஸ், 1440 சுற்று. பட்டறையில் பல வருடம் உழைத்த மோட்டார். பெயிண்ட் வேலைக்கு மூன்று கார்கள் நிற்கின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருங்க." கோவையில் மோட்டாருக்குப் பஞ்சமில்லை, மாலைக்குள் புதிதாக மாட்டிவிடலாம். ஆனாலும் ஏன் எரிந்தது என்று தெரியாமல் காசை எடுக்க எனக்கு மனமில்லை.

செவ்வாய்

மூடியைக் கழற்றினோம். ஸ்டார் இணைப்பு. இரண்டு பேஸின் காயில்கள் கரியாகிக் கிடந்தன; மூன்றாவது பேஸ் வார்னிஷ் நிறம்கூட மாறாமல் இருந்தது. பாரம் தாங்காமல் எரிந்திருந்தால் மூன்றும் ஒன்றாகக் கறுத்திருக்கும். ஒரு பேஸ் விட்டுப்போய், மீதி இரண்டில் மோட்டார் ஓடினால்தான் இப்படி ஆகும். (டெல்டா இணைப்பாக இருந்தால் ஒரு பேஸ் மட்டும் கருகும்.)

உடனே ஸ்டார்ட்டரைத் திறந்தோம். காண்டாக்டரில் ஒரு முனை அரித்துப் பொத்தலாகியிருந்தது. அதைவிட மோசம் ஓவர்லோடு ரிலே. மோட்டார் தகட்டில் இருப்பது 4.6 ஆம்பியர். மாட்டியிருந்ததோ 5 எச்பிக்கு உரிய ரிலே, அதையும் 9-இல் திருகி வைத்திருந்தார்கள். ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும், அதாவது 8 ஆம்பியர். 9-இல் நிற்கும் ரிலே அதற்கு அசையவே அசையாது. நேற்றே புது மோட்டாரை மாட்டியிருந்தால் அதுவும் இதே வழியில் போயிருக்கும்.

புதன்

கணக்குப் போட்டேன். திறன் கூடிய ஐஇ3 வகைப் புதிய மோட்டார் 14,500 ரூபாய். பழையதற்கே புதுக் கம்பி கட்டும் ரீவைண்டிங், பேரிங் சேர்த்து 4,000. பழைய ஐஇ1 மோட்டாரின் திறன் 79.7 சதவீதம், ஐஇ3-இன் திறன் 86.7. முழுப் பாரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும். எங்கள் கம்ப்ரஸர் உண்மையில் சுற்றுவது ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். வருடத்துக்கு 200 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 1,600 ரூபாய். கூடுதலாகப் போடும் 10,500 திரும்பி வர ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். பகலும் இரவும் ஓடும் மில்லாக இருந்தால் ஒரு நொடி யோசிக்காமல் புதிது வாங்குவேன். இந்தப் பட்டறைக்கு ரீவைண்டிங்தான் சரி.

வியாழன்

வைண்டர் அண்ணனிடம் கொண்டுபோனேன். நான் கேட்டது ஒன்றுதான்: பழைய காயிலை உருவ நெருப்பு வைக்கக்கூடாது. ஸ்டேட்டரில் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளுக்கு இடையே மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. அது கருகினால் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். பிறகு எவ்வளவு நல்ல கம்பி கட்டினாலும் மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும். ரீவைண்டிங் செய்த மோட்டார் கரண்டைத் தின்னும் என்ற கெட்ட பெயர் பாதி இந்த நெருப்பால் வந்தது.

"பத்த வைக்க மாட்டனுங்க. ஒரு பக்கம் வெட்டி, பதமா உருவிருவேன். பழைய சுத்தெண்ணிக்கை, கம்பி கேஜ் ரெண்டையும் குறிச்சு வெச்சுத்தான் கட்டுவேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரிடம் கொடுத்தேன்.

சனி

மோட்டார் வந்தது. மெக்கர் வைத்துப் பார்த்ததில் காப்பு நன்றாக இருக்கிறது. பேரிங் இரண்டும் புதிது. காண்டாக்டரை மாற்றி, 3 எச்பிக்கு உரிய ரிலேயை 4.6-இல் நிறுத்தினோம், ஒரு பேஸ் விட்டால் உடனே அணைக்கும் சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டரையும் சேர்த்தோம். டாங் டெஸ்டரில் மூன்று பேஸிலும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒரே அளவு. கம்ப்ரஸரின் காற்று டாங்க் நிறையும் வரை மோட்டாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு அளவோடுதான் ஏறியது.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மோட்டார் எரிந்தால் கடைக்குப் போகுமுன் மூடியைக் கழற்றி எந்தக் காயில் கருகியிருக்கிறது என்று பாருங்கள், ரிலே அடிக்கடி டிரிப் ஆனால் அதன் திருகை ஏற்றாதீர்கள்.