அம்மாவுக்கு ஒரு தீவு

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கடைசியாக நீங்கள் குடும்பத்தோடு வெளியூர் போனபோது அங்கே சமைத்தது யார்?

இப்படிக் கேட்கக் காரணம் என் அம்மா. அவர் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே கேரித் தீவில்தான். கிள்ளானுக்குத் தெற்கே, ஒரு பக்கம் லங்காட் ஆறும் மறுபக்கம் மலாக்கா நீரிணையுமாக இருக்கிறதே, அதே தீவு. தோட்டம் திறந்த எட்வர்ட் வாலண்டைன் கேரி துரையின் பெயர்தான் அதற்கு. கடல்நீர் உள்ளே ஏறாதபடி மண் அணை கட்டி, அணைக்கு இந்தப் பக்கம் செம்பனை நட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர் அம்மா. களை எடுத்தார், உரம் போட்டார், உதிரிப் பழம் பொறுக்கினார். கடல் அணைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் என் மகள், "பாட்டி, தீவுக்குப் போவோமா?" என்று கேட்டபோது அம்மா சிரித்துவிட்டார்.

"நான் பொறந்ததே தீவுலதானே! இன்னொரு தீவு எதுக்கு?"

2018ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் முதல் தடவையாக பங்கோர் தீவுக்குக் கிளம்பினோம். பெரியவர், சிறியவர் என்று பதினேழு பேர், இரண்டு வேன். அரிசி மூட்டை, மிளகாய்த் தூள், கேஸ் அடுப்பு, கல்யாண வீட்டுக் குண்டான் எல்லாம் கூடவே வந்தன. கடைச் சாப்பாடு கட்டுப்படியாகுமா என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு. அது தப்பென்றும் சொல்ல முடியாது. லூமுட் துறையில் பெர்ரி ஏறும்போது குண்டானைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

மூன்று நாளும் அம்மாவும் நானும் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தோம். பசியாறப் பலகாரம், மத்தியானம் மீன் குழம்பு, சாயங்காலம் தேநீருக்கு ஏதாவது, ராத்திரிக்கு மறுபடி சோறு. மீன் மலிவாகக் கிடைத்ததால் கழுவுகிற வேலைதான் கூடியது. திரும்பி வருகையில் பெர்ரியில் என் மகள் கேட்டாள்:

"பாட்டி, கடல் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா. அடுப்பங்கரை ஜன்னல்ல தெரிஞ்சுச்சே!"

அம்மா குறையாகச் சொல்லவில்லை; உள்ளதைச் சொன்னார். ஆனால் கரை சேரும்வரை எங்களில் ஒருவரும் பேசவில்லை. என் சேலைக் கரையும் நனையவில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அடுத்த பயணம் 2023இல்தான் கைகூடியது. நடுவில் கோவிட் வந்து ஊரையே பூட்டிப்போட்டதை நீங்கள் அறிவீர்கள். இந்தத் தடவை திட்டம் போட்டது நானும் மகளும். முதல் தீர்மானம், அடுப்பு வராது. இரண்டாவது, சமையலறையே இல்லாத அறைதான் வேண்டும். "சமையல்கட்டு இருக்கிறதா?" என்று எல்லோரும் விசாரிப்பார்கள்; நாங்கள் இல்லையென்று உறுதி செய்துகொண்டு பணம் கட்டினோம்! பதினேழு பேர் நான்கு பேரானோம். உறவில் சிலருக்கு மனத்தாங்கல்தான், இன்னும் முழுக்கத் தீரவில்லை. ஒரு வருஷம் நாளுக்கு இரண்டு வெள்ளி உண்டியலில் போட்டு வந்தேன். சனி ஞாயிறைத் தவிர்த்ததில் அறை வாடகையும் குறைந்தது.

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் தியோமான், ரெடாங் என்று கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பலவும் மூடிவிடும். பங்கோர் மேற்குக் கரையில் இருப்பதால் அந்தச் சிரமம் குறைவு.

பெரிய கடல் என்றால் அம்மாவுக்குக் கொஞ்சம் பயம். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மகள் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினாள், நாங்கள் கிள்ளானில் ஏறிக்கொண்டோம், கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினோம். 1972க்கு முன் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். நம் பாட்டன்மார் பலர் கப்பலை விட்டு இறங்கிய துறை. அங்கிருந்து படகில் கேத்தாம் தீவு. மலாயில் கேத்தாம் என்றால் நண்டு. சேற்றில் கால் நட்டு நிற்கும் வீடுகள், கார் கிடையாது, சைக்கிள்தான். குளிக்க மணற்கரை இல்லாவிட்டாலும் அம்மாவின் பயம் தெளிந்தது.

பங்கோரில் முதல் நாள் அம்மாவைச் சமாளிப்பது பெரும்பாடு. நான்கு மணிக்கே எழுந்து, செய்ய வேலையின்றி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கடையில் மீனின் விலையைக் கேட்டுக் கடைக்காரரோடு ஒரு மூச்சு வாதாடினார். ஈயம் வைப்பதற்காக 1670இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைக் காட்டினோம். "கோட்டையா? நம்ம தோட்டத்து ஸ்டோரு மாதிரியில்ல இருக்கு!" என்றார். பத்திரகாளியம்மன் கோயிலில் மட்டும் பேச்சில்லாமல் வெகுநேரம் நின்றார்.

சாயங்காலம் பாசிர் போகாக் கடற்கரை. மணலில் பாய் விரித்தோம். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார், ஒருவரையும் கூப்பிடாமல் தண்ணீருக்குள் நடந்தார். உர மூட்டை சுமந்து வளைந்த முதுகு அது. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முழங்கால் நனைந்தும் அவர் திரும்பவில்லை.

இருட்டிய பிறகு வந்து உட்கார்ந்து, "இன்னும் எத்தனை நாளு இருக்கு?" என்றார்.

"நாளைக்கு ஒரு நாள்தாம்மா."

"அப்படின்னா காலையில நாலு மணிக்கே வந்துருவோம். நான் எழுப்பி விடுறேன்."

எழுப்பியும் விட்டார்.